அழித்த முப்பது வரிகள்

மொழியாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் ‘சிவப்புமை’. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமைதான். முப்பத்தோராண்டுகள் அந்தப் பேனாவை நம்பியே காலந்தள்ளியவரை, இனிக் கட்டுரைப் பயிற்சி முழுவதும் இணையப் பக்கத்தில்தான் என்று ஒரே சுற்றறிக்கையில் கட்டிப்போட்டுவிட்டார் தலைமையாசிரியை. அந்தச் சுற்றறிக்கையிலேயே நான்கு பிழைகள் இருந்தன என்பது வேறு வயிற்றெரிச்சல்.

கணினி ஆசிரியை இடைவேளைதோறும் வந்து சொல்லிக்கொடுத்தார். பிள்ளைக்கு ஒரு பக்கம். எல்லாவற்றையும் ஆசிரியர் தம் இருக்கையிலிருந்தே பார்க்கலாம், திருத்தலாம். இவரோ மவுசை இறுகப் பற்றிக்கொண்டு வியர்த்தார்.

“கழுத்த நெரிக்காதீங்க ஐயா, அது ஓடிடாது” என்றார் அந்த அம்மாள்.

அந்த வெள்ளிக்கிழமை மாலைக்குள் இன்னொரு வேலையும் முடிய வேண்டியிருந்தது: மொழியில் பின்தங்கியோருக்கான கீழ்ப்பிரிவுக்கு மாற்றவேண்டிய ஐவரின் பட்டியல். முதற்பெயர், கடைசி வரிசைப் பெண். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இரண்டே வரிகள் எழுதுவாள்; வகுப்பில் அவள் பெயரே ‘ரெண்டு வரி’. சோம்பேறி என்று ஆசிரியர் என்றோ முடிவுகட்டியிருந்தார்.

அன்று காலைத் தலைப்பு, ‘எங்கள் வீட்டுக் கதவு’. அது மரத்தாலானது, பச்சை நிறமுடையது என்று இரண்டு வரிகளோடு முடித்துவிட்டாள். மதிப்பெண் போடப் போனவர் எதையோ தவறாக அழுத்த, பக்கவாட்டில் மணியும் நிமிடமுமாக ஒரு வரிசை விரிந்தது. கெடுத்துவிட்டோமோ என்று பதறிக் கணினி ஆசிரியையை அழைத்தார். ஒன்றும் கெடவில்லை, எழுதியது, அழித்தது எல்லாம் அதில் தங்கியிருக்கும் என்று அவர் விளக்கினார்.

பத்து மணி பத்து நிமிடத்தில் ஆறு வரிகள். பத்து முப்பதில் முப்பத்திரண்டு. வேலைக்குப் போகும் அம்மா கதவை வெளியே பூட்டிச் செல்வதும், திரும்பி வந்து சாவியைத் திருப்பும் ஓசையிலேயே அம்மாவின் களைப்பை உள்ளேயிருக்கும் இவள் அளந்துவிடுவதும் அதில் இருந்தன. பத்து முப்பத்தைந்தில் முப்பது வரிகள் மாயம்.

ஆசிரியர் அந்தப் பெண்ணை அழைத்தார்.

“அழிச்சதையும் படிச்சிட்டேன்மா. உன்னக் கேக்காம படிச்சது என் தப்பு. ஏன் அழிச்ச?”

அவள் தரையைப் பார்த்தாள். “ரெண்டு வரின்னா ரெண்டு தப்போட போயிடும் ஐயா. நெறைய எழுதினா பக்கம் பூரா செவப்பாயிடும்.”

ஆசிரியர் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

“தப்பு இருக்கு. பதினொண்ணு எண்ணினேன்” என்றார் பிறகு. பொய் சொல்லிப் பாராட்ட அவருக்கு வராது. “ஆனா அந்தச் சாவிச் சத்தம் எனக்கே கேட்டுச்சு. இந்தப் பொத்தான அமுக்கினா எல்லாம் திரும்பி வந்துடுமாம். அமுக்கறதும் விடறதும் உன் இஷ்டம்.”

அவள் நெடுநேரம் திரையையே பார்த்தாள். கடைசிப் பத்தியை மட்டும் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஆசிரியர் எழுந்து தம் நாற்காலியை அவளுக்கு விட்டார்.

பட்டியல் அன்று போகவில்லை. ஒரு பெயரை அடித்தாயிற்று. மற்ற நால்வரின் பழைய பக்கங்களையும் அவர்கள் சம்மதத்தோடு பார்க்கவேண்டியிருக்கிறது, திங்கள்வரை பொறுக்கவும் என்று தலைமையாசிரியைக்கு எழுதினார். அனுப்பும் பொத்தானை அவர் தாமாகவே கண்டுபிடித்தார்.