கூரையைத் தாங்கிய குடும்பம்

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில், பம்ப் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் உதயகுமார் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. மற்றவர்கள் செய்த பொருளில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்து ‘ரிஜெக்ட்’ ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. ஒட்டுவதில் அவருக்கு இருந்த முன்அனுபவமும் அதோடு சரி.

அவருடைய பழைய காரில் உள்கூரைத் துணி கழன்று, நடுவில் கல்யாணப் பந்தல்போலத் தொங்கியது. பின்கண்ணாடியில் சாலைக்குப் பதில் துணிதான் தெரிந்தது. மனைவி உமாதேவி தன் புடவை ஊக்குகளால் அதை அங்கங்கே குத்தி வைத்திருந்தாள். வேகத்தடையில் ஏறும்போதெல்லாம் ஓர் ஊக்கு கழன்று யார் மடியிலாவது விழும்.

சீட் கவர் கடைக்காரர் விஷயத்தைத் தெளிவாகவே சொன்னார். துணிக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய ஸ்பாஞ்ச் பொடியாகிவிட்டது. கூரை அட்டையைக் கழற்றி, பொடியைச் சுரண்டி எடுத்து, புதுத் துணி ஒட்ட வேண்டும். இரண்டு நாள் வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

“ஒரு துணி ஒட்டறதுக்கு ரெண்டு நாளா? நம்மள ஏமாத்தப் பாக்கறான்” என்றார் உதயகுமார், வீட்டுக்கு வந்து.

“அவரு தொழிலு அதுதானுங்க. விட்டுட்டுத்தான் வாங்களேன்” என்றாள் உமாதேவி.

அவர் விடவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நாலே நிமிடத்தில் சிரித்துக்கொண்டே கூரை ஒட்டும் வீடியோவைப் பார்த்துவிட்டிருந்தார். அந்த மனிதர் முதலில் பொடியைச் சுரண்டிய பகுதியை உதயகுமார் தள்ளிவிட்டுப் பார்த்தார். பெரிய சிரிஞ்ச் ஊசியில் பசையை ஏற்றி, துணியில் கண்ட இடத்திலெல்லாம் குத்தினார். உமாதேவியின் சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தினார். துணி ஒட்டிக்கொண்டது. கூடவே பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள் பூத்து, கூரை உலக வரைபடம்போல ஆனது. அடுக்குமாடியின் கீழ்த்தள நிழலில் ஒரு வாரம் நின்ற வண்டியில் துணி அசையவே இல்லை.

“பாத்தியா? குவாலிட்டி!” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஹனூரிலிருந்து வந்திருந்த மாமனார் நஞ்சுண்டசாமியையும் மாமியார் மல்லம்மாவையும் ஏற்றிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குக் கிளம்பினார்கள். கொள்ளேகாலில் வண்டியை நல்ல வெயிலில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பசை அந்த நேரத்தில் தன் முடிவை எடுத்துவிட்டது.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் முன்சீட்டிலிருந்த மாமனார் மெல்லக் கேட்டார்: “ஏனுங் மாப்ள, தலைமேல என்னமோ வந்து உக்காருதுங்களே?”

“ஒண்ணுமில்லீங்க மாமா. லேசா ஒரு கை புடிச்சுக்குங்க, செட் ஆயிரும்.”

ஒரு கை போதவில்லை. மாமனார் இரண்டு கைகளையும் உயர்த்தினார். பின்னால் உமாதேவி உயர்த்தினாள். மல்லம்மாவும் உயர்த்தினார். ஹனூரைத் தாண்டி, மலையடிவாரச் சோதனைச் சாவடிக்கு வண்டி வந்தபோது, ஓட்டுகிறவரைத் தவிர மூவரும் கைகளைத் தூக்கியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். மாமனார் கண்களில் ஓட்டுகிறவர் மீதான பயமும் லேசாகத் தெரிந்தது.

கான்ஸ்டபிள் பார்த்தார். தடுப்பைத் தூக்கப் போனவர் அப்படியே விட்டார்.

“இளீரி கெளகே” என்றார் உதயகுமாரிடம். இறங்கச் சொல்கிறார்.

பிறகு மாமனார் பக்கம் குனிந்து, கன்னடத்தில் மிகுந்த பரிவோடு, பயப்பட வேண்டாம், இந்த ஆள் யார் என்று கேட்டார்.

“எங்க மாப்பிள்ளைங்க” என்றார் நஞ்சுண்டசாமி. குரலில் ஒரு புகார் இருந்ததாகக் கான்ஸ்டபிளுக்குப் பட்டது.

“ஐயோ சாமி, துணியப் புடிச்சுட்டு இருக்கறோமுங்க!” என்று விளக்குவதற்காக மல்லம்மா கையை எடுத்தார். மொத்தத் துணியும் ஒரே வீச்சில் இறங்கி மூவரையும் மூடியது. உள்ளே எட்டிப் பார்த்த கான்ஸ்டபிளின் தொப்பியில் மஞ்சள் பொடி மழையாகக் கொட்டியது.

துணிக்குள்ளிருந்து உமாதேவியின் குரல் வந்தது: “குவாலிட்டிங்க!”

முதலில் சிரித்தது கான்ஸ்டபிள். அடுத்து துணிக்குள் மூவரும். சாலையோரம் நின்ற உதயகுமாருக்கு முகம் சுட்டது. மாமனாரின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகி, மீசையில் பொடி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை. வெகு நாளைக்குப் பிறகு தன்னைப் பார்த்தே சிரித்தார்.

கண்ணில் பொடி விழுந்தால் ஓட்டுகிறவர் என்ன செய்வார் என்று கான்ஸ்டபிள் கேட்டது நியாயமான கேள்வி. உமாதேவி துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தெடுத்து, டிக்கியில் சுருட்டிப் போட்டாள். வெற்று அட்டையிலிருந்து பொடி உதிராமலிருக்க, மல்லம்மா மலைக்குளிருக்காகக் கொண்டுவந்திருந்த பழைய போர்வையை விரித்துக் கட்டினார்கள்.

“நல்ல வண்டிங்க மாப்ள” என்றார் மாமனார், மீசையைத் துடைத்தபடி. “மேலதான் கொஞ்சம் பாரம்.” அவர் திட்டியிருந்தால் உதயகுமாருக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மலைக்குப் போய்த் திரும்பிய மறுநாள் காலை உமாதேவியே வண்டியை மைசூர் கடைக்கு ஓட்டிப் போனாள். உதயகுமார் பக்கத்தில் உட்கார்ந்து போனார். கடைக்காரர் கூரையைத் தடவிப் பார்த்தார். பொடியோடு, இறுகிப்போன பசையையும் இனிச் சுரண்ட வேண்டும்.

“யாரு சார் இந்த வேல செஞ்சது?”

உமாதேவி வெளியே போக்குவரத்தைப் பார்த்துக்கொண்டாள்.

“நான்தான்” என்றார் உதயகுமார். “எத்தன நாளானாலும் சரி, நீங்களே பாத்துச் செய்யுங்க.”

இருவரும் சிட்டி பஸ்ஸுக்கு நடந்தார்கள்.