மூன்றுக்குப் பக்கத்துக் கதவு

1

இந்தக் கதையை நான் கட்டிவிடவில்லை. தைவானில், தைனான் அலுவலகத்தில், என் பக்கத்து மேசைக்காரி பெய்ஜென் சாப்பாட்டு நேரத்தில் சொன்னது. "எழுதித் தொலைக்காதே" என்றும் சொன்னாள். இதோ, எழுதுகிறேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு... சே, வேண்டாம். நல்ல வெயில்.

அஸ்திக் கலசங்கள் வைக்கும் புதுக் கூடத்துக்கு அவள்தான் மென்பொருள் செய்தாள். அங்கே நாலாம் எண் கதவே கிடையாது. இந்த ஊர்ப் பேச்சில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஆஸ்பத்திரியில்கூட நாலாம் மாடி இருக்காது. மூன்றாம் கதவு அவள் அப்பாவுக்கு. பக்கத்து ஐந்தை, "உங்கம்மா என்னை விட்டுட்டு எங்க போவா?" என்று அவரே பதிந்து வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே அம்மாவும் போனாள்; புதுக் கூடம் திறக்கும்வரை இருவர் கலசமும் பழைய கூடத்தில் இருந்தன.

2

(இந்தப் பகுதி சலிப்பூட்டும். தாண்டாதீர்கள், வினையே இங்கேதான்.)

அட்டவணையில் ஒவ்வொருவரையும் அடையாளம் காட்ட ஒரு திறவுகோல் வேண்டும். பெய்ஜென் கதவு எண்ணையே திறவுகோலாக்கி, அதன் வகை 'முழு எண்' என்று நிரலில் எழுதினாள். நிரலைப் பார்த்து அட்டவணை கட்டும் கருவி, முழு எண்ணைக் கண்டால் எண்ணுவது தன் வேலை என்று எடுத்துக்கொள்ளும். அவள் கொடுத்த எண்களைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று அதுவே போட்டது. நாலில் அம்மா.

3

பழைய கூடத்துக் கலசங்களை இடம் மாற்றிய மறுநாள் போனாள். ஐந்தில் யாரோ ஒரு கிழவர்.

"சியூ மாமா, எங்கம்மா எங்க?"

காவலாளி சியூ தலையைச் சொறிந்தார். "சீட்டுல நாலுன்னு வந்துச்சும்மா. நாலு ஏது இங்க? துடைப்பம் வைக்கிற அலமாரியைக் காலி பண்ணி, நாலுன்னு எழுதி வச்சுட்டேன்."

"அட கடவுளே! துடைப்பத்தோடயா?"

"துடைப்பத்தை எடுத்துட்டேனே!"



5

(நாலை விட்டுவிட்டேன். இத்தனை வருஷம் இங்கே குடியிருந்த கை, தானாகத் தாண்டுகிறது.)

திறவுகோலின் வகையை 'எழுத்து' என்று மாற்றி, அட்டவணையை அழித்து மறுபடி கட்டினாள். எழுத்தைக் கருவி எண்ணாது. அட்டவணையில் எல்லோரும் அவரவர் கதவுக்குத் திரும்பினார்கள். அம்மா மட்டும் நாலிலேயே இருந்தாள். எண்ண ஆளே இல்லாதபோது யார் எண்ணினார்கள்? எனக்குத் தெரியாது. நான் அப்படி எழுதவில்லை.

கலசத்தை நகர்த்த, போனவர்களிடம் கேட்டாக வேண்டும். பிறை போன்ற இரண்டு மரக்கட்டைகளைப் போடுவார்கள். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் சம்மதம், இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. மற்றவர்கள் எல்லோரும் முதல் தடவையே சம்மதித்தார்கள்.

"அம்மா, அஞ்சுக்கு வர்றியா?"

இரண்டும் கவிழ்ந்தன. மறுபடியும் அப்படியே. மறுபடியும்.

"விடும்மா, கோவமா இருக்காங்க போல" என்றார் சியூ.

பெய்ஜென் அலமாரிக்குள் கைவைத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கட்டைகளைப் பொறுக்கி எடுத்து, வேறு கேள்வி கேட்டாள்.

"அம்மா... அப்பா பக்கத்துல இருக்க உனக்கு எப்பவுமே பிடிக்கலியா?"

என்ன விழுந்தது என்று அவள் சொல்லவில்லை. சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் போட்டுப் பார்க்க மாட்டேன், பயமாக இருக்கிறது. கட்டைகள் இனி உங்கள் கையில். ஒன்று மட்டும்: ஐந்து என்று நான் பேர் வைத்த இந்தப் பகுதி எத்தனாவது என்று எண்ணிவிடாதீர்கள். அம்மா இங்கேதான் இருக்கிறாள்.