புதன்கிழமை அவள் சொன்னது

காது பரிசோதிக்கும் வேலை அவருக்கு. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், வெளிச்சத்தம் நுழையாத ஒரு கண்ணாடி அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, வெளியே மெஷின் முன்னால் உட்கார்ந்துகொள்வார். காதில் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். கேட்காமலே குத்துமதிப்பாக அழுத்துகிறவர்களைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நடுவில் சத்தமே கொடுக்காமல் சும்மா இருப்பார். அப்போதும் அழுத்தினால் ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட மனுஷர் வீட்டில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சொன்னால் முதலில் சிரிப்புத்தான் வரும்.

மைத்துனன் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அட்வான்ஸ். உடம்பு திங்கட்கிழமையில் இருந்தால் மனசு செவ்வாய்க்கிழமைக்குப் போய் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். காலைக் காபியை வாயில் வைத்துக்கொண்டே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி விசாரிப்பார். கடற்கரைக்குப் போனால் செருப்பைக் கழற்றும் முன்பே திரும்பி வர எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்பார். மனைவி பேசும்போது மட்டும் ஆள் எங்கேயும் போகாதது மாதிரி இருக்கும். ஏனென்றால் வாய் தன்பாட்டுக்கு உம் கொட்டிக்கொண்டிருக்கும். சரியான இடத்தில் ஒரு 'உம்', தேவைப்பட்டால் இழுத்து ஒரு 'உம்ம்ம்', எப்போதாவது ஓர் 'அடடா'. பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் ஒரு தடவைகூட மாட்டிக்கொண்டதில்லை என்பதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த வியாழக்கிழமை காலையில் மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். முகம் கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருந்தது. இவர் சட்டைக்குக் கை நீட்டியபோது அவள் அதை உடனே கொடுக்கவில்லை.

"நேத்து ராத்திரிதான் நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள். "இருபத்திமூணு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லாதது. நீங்க குறுக்க ஒரு வார்த்தை பேசலை. ஏன், எதுக்குன்னு ஒரு கேள்வி கேக்கலை. வேற யாராயிருந்தாலும் என்னைத் தப்பாத்தான் நினைச்சிருப்பாங்க."

அட்வான்ஸ் பழக்கதோஷத்தில் 'உம்' என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு படி இறங்கும்போதுதான் உறைத்தது. நேற்று என்ன சொன்னாள்?

யோசித்துப் பார்த்தார். புதன்கிழமை சாயங்காலம், காய்ந்த துணிகளைக் கட்டிலில் கொட்டி இருவருமாக மடித்தார்கள். அவள் பேசினாள். முக்கால் மணி நேரம் இருக்கும். அந்த முக்கால் மணி நேரமும் இவர் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு வரப்போகும் புது மெஷினோடு இருந்தார். அது வாசல் கதவில் நுழையுமா, கதவைக் கழற்ற வேண்டுமா, பழையதை எந்த மூலையில் தள்ளுவது என்று. கதவின் அகலம் இன்னமும் அங்குல சுத்தமாக ஞாபகம் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ஞாபகத்தில் இல்லை.

கேட்டுவிடலாம்தான். எப்படிக் கேட்பது? அவள் கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டாளே. அன்று மாலை மெல்லத் தூண்டில் போட்டுப் பார்த்தார். அந்த விஷயம் என்று ஆரம்பித்ததுமே அவள் கையமர்த்தி, ஒரு தடவை சொன்னதே போதும், இனி அந்தப் பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள் வேறு. அந்தச் சிரிப்பு தனக்கு உரியதல்ல என்று அவருக்குத் தெரிந்தது. யாரோ ஒரு நல்ல புருஷனுக்கு வந்த பார்சலைப் பிரித்துத் தின்கிற மாதிரி இருந்தது.

வெள்ளிக்கிழமை இன்னும் கேவலமாகப் போனது. இருபத்திமூன்றிலிருந்து பத்தொன்பதைக் கழித்துப் பார்த்தார். கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னால். அப்போது எவனாவது இருந்திருப்பானோ என்று புத்தி ஓடியது. காது கொடுக்கத் துப்பில்லாதவனுக்குச் சந்தேகப்பட மட்டும் என்ன யோக்கியதை என்று தன்னையே திட்டிக்கொண்டார். திட்டிக்கொண்டே மைத்துனனுக்குப் போன் போட்டு, உங்க அக்காவுக்கு அந்தக் காலத்தில் ஏதாவது கஷ்டமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவன் ஒன்றும் அறியாதவனாக, அக்கா எப்பவும் கலகலவென்றுதான் இருப்பாள், ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டான். ஆக, கூடப் பிறந்தவனுக்கே தெரியாது. உலகத்திலேயே ஒரே ஒருத்தரிடம்தான் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். அந்த ஒருத்தர் கதவை அளந்துகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவள் வாயைத் திறந்தாலே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார், துப்பு ஏதாவது கிடைக்குமா என்று. அன்று சாப்பிடும்போது அவள் எதையோ கேட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்த்தாள். இவர் புதன்கிழமையைத் துழாவிக்கொண்டிருந்தார். அவள் மறுபடி கேட்டாள். குழம்பில் உப்பு போதுமா என்றுதான். இத்தனை நாளும் நாளையை நினைத்து இன்றைக் கோட்டைவிட்டவர், இப்போது நேற்றைத் தேடிக் கோட்டைவிட்டார்.

சனிக்கிழமை கண்ணாடி அறைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். ஐம்பது வயதுக்காரர். பட்டனைச் சீராக அழுத்திக்கொண்டே இருந்தார். மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தபோதும் அழுத்தினார். அட்வான்ஸ் கதவைத் திறந்து, வழக்கம்போல் சற்றுக் கடுப்பாகவே, கேட்டால் மட்டும் அழுத்தச் சொன்னார்.

டிரைவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கேக்கலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு சார்" என்றார்.

அட்வான்ஸுக்குக் காதுமடல் சூடேறியது. இந்த மனுஷராவது இரண்டே நிமிஷத்தில் ஒத்துக்கொண்டார். அவரை அதற்குமேல் ஏறிட்டுப் பார்க்க முடியாமல், பரவாயில்லை, மெதுவாகச் செய்யலாம் என்று சொல்லிப் பரிசோதனையை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. மனைவி சமையலறை மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிரே போய் நின்றார்.

"புதன்கிழமை நீ சொன்னது எதுவும் என் காதுல விழலை. சும்மா உம் கொட்டிக்கிட்டு இருந்தேன்."

கத்தி நின்றது.

"எதுவுமேவா?"

"எதுவுமே."

அவள் கத்தியை மேசையில் வைத்தாள். "நடுவுல அழுதேனே. அதையாவது பாத்தீங்களா?"

அவருடைய வாயில் அந்த 'உம்' தயாராக இருந்தது. சொல்லியிருந்தால் பாதியாவது தப்பித்திருக்கலாம். அதை விழுங்கிவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அவள் மிச்சமிருந்த காயையும் நறுக்கி முடித்தாள். கையைக் கழுவினாள், துடைத்துக்கொண்டாள். இப்போது சொல்வாள், இந்தத் தடவை ஒரு எழுத்து விடாமல் கேட்டுவிட வேண்டும் என்று அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு தடவை சொல்லத்தான் எனக்குத் தெம்பு இருந்துச்சு" என்றாள். "அதைச் சொல்லிட்டேன்."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஓங்கி அடித்துச் சாத்தியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொஞ்சம் பொறுத்து உள்ளே அழுகிற சத்தம் வந்தது. அட்வான்ஸ் எங்கேயும் போகாமல் கதவுக்கு இந்தப் பக்கமே நின்று, அது ஓயும்வரை முழுவதையும் கேட்டார்.