இடைவேளைக்குப் பிறகும் உயிரோடிருப்பதற்கான சான்று

படகுத்துறைக் குடியிருப்பு எஃப் பிளாக்கில் பிறந்த பையன்கள் இடைவேளையை ஒட்டிச் செத்துப்போவது வழக்கம். சிலர் கொஞ்சம் முன்னால், சிலர் கொஞ்சம் பின்னால். தேசிங்கு மட்டும் சாகவில்லை. இருபத்து மூன்று வயதாகியும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு நடமாடினான். வேலை விஷயத்தில் அதுதான் சிக்கலாகிவிட்டது.

கண்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிற வேலை. தேர்வு எழுதி, கண் பரிசோதனை முடித்து, உத்தரவும் கைக்கு வந்துவிட்டது. அதன் கடைசி வரி இப்படி இருந்தது: 'படகுத்துறைக்காரர்கள் மட்டும், இடைவேளைக்குப் பிறகும் உயிரோடிருப்பதற்கான சான்றைத் திங்கட்கிழமைக்குள் இணைக்கவும். தவறினால் இடம் அடுத்தவருக்கு.' மற்ற ஏரியாக்காரர்களுக்கு இரண்டு போட்டோ போதும்.

சான்று தரும் அலுவலகம் ஒரு சினிமா தியேட்டருக்குள் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனான். வாசலிலிருந்து கவுண்டர் பத்தடிதான். ஆனால் அவன் நடக்க நடக்க நடை நீண்டுகொண்டே போனது. இரண்டு பக்கச் சுவரிலும் அவன் தெரு ஆட்களின் படங்கள். எல்லோர் கையிலும் கத்தி. தண்ணி கேன் போடுகிற அண்ணன் கையில்கூட ஒன்று இருந்தது. கேனைத் தூக்கவே முக்குகிற மனுஷன் அவர். பதினொன்றேகாலுக்குத் தேசிங்கு கவுண்டரை அடைந்தான்.

கவுண்டரில் இருந்த அம்மாளின் பெயர்ப்பலகையில் குணபூஷணி என்று எழுதியிருந்தது. அவர் நிமிரவில்லை.

"எந்தப் படம்?"

"நான் படத்துல நடிச்சதில்ல மேடம்."

"நடிக்கிறது வேற, இருக்கிறது வேற. எந்த பிளாக்?"

"எஃப் பிளாக். மூணாவது மாடி."

அவர் பெரிய நோட்டைப் புரட்டினார். "எஃப் பிளாக் போன வருஷமே படமாயிடுச்சே. உள்ள போய்ப் பாருங்க. பாத்துட்டு, அதுல வர்றது நான் இல்லன்னு கையெழுத்து போடுங்க. சான்று தந்துடுவேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். போட்டதும் படத்துல நீங்க வர்ற இடமெல்லாம் கழிஞ்சிடும்."

ஃபார்மைத் தள்ளினார். பதினோராவது கேள்வி: 'தங்கள் பகுதியைப் பற்றிய படங்களால் தங்கள் பிள்ளைகளுக்கு நன்மையா, தீமையா? ஒன்றில் மட்டும் டிக் செய்யவும்.' தேசிங்கு பேனாவைத் திறந்தான். மூடினான்.

"இத்த அப்புறமா ஃபில் பண்றேன் மேடம்."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க" என்றார் குணபூஷணி.

உள்ளே எஃப் பிளாக் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. வீட்டு எண்படி சீட்டு. தேசிங்குக்குப் பக்கத்து வீடு ஸ்டெல்லா பெரியம்மா. ஆகையால் பக்கத்து சீட்டிலும் அவளே இருந்தாள். மடியில் எலுமிச்சை சாத டப்பா.

"வாடா. உக்காரு. ஆரம்பிக்கப் போறான்."

"டெய்லி வர்றியா பெரிம்மா?"

"வேற எங்க போறது?"

அவள் மகன் எபி என்கிற எபநேசர் தேசிங்கின் கூட்டாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மஞ்சள் காமாலை வந்து பத்தாம் நாள் போய்விட்டான். யாரும் அவனைக் குத்தவில்லை. போஸ்டர்கூட யாரும் ஒட்டவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் எஃப் பிளாக் மாடிப்படி வந்தது.

தேசிங்கு தினமும் ஏறி இறங்குகிற அதே மாடிப்படிதான். உடைந்த கைப்பிடி, பான் எச்சில், கொடியில் காயும் நைட்டி. ஆனால் இப்போது அது நாலு மாடி உயரத்துக்கு நின்றது. வெயில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தது. தான் பிறந்த இடம் இத்தனை அழகு என்று இதுவரை ஒருத்தரும் அவனிடம் சொன்னதில்லை. கோபம் வரும் என்று நினைத்து வந்தவன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

அந்தப் படியில் இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். ஒருவன் தேசிங்கு. அதே மச்சம், அதே கட்டம் போட்ட சட்டை, குரல் மட்டும் கொஞ்சம் கட்டை. இன்னொருவன் எபி. அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சிரித்தபோது தியேட்டரில் காற்று நின்றுவிட்டது.

ஸ்டெல்லா முழங்கையால் இடித்தாள். "நடக்கிறான் பாரு."

இருபதாவது நிமிஷத்தில் இருவரும் சேர்ந்து ஒருவனை வெட்டினார்கள். எஃப் பிளாக் விசிலடித்தது. கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிற தேசிங்கும் கைதட்டினான். தட்டிய கையை அப்புறம் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எழுபதாவது நிமிஷம் ஸ்டெல்லா டப்பாவை மூடி எழுந்து வெளியே போனாள். அவள் போனதும் திரையில் ஒருவன் தேசிங்கின் முதுகைப் பார்த்துக் கத்தியை வீசினான். எபி குறுக்கே பாய்ந்தான். கத்தி அவன் மார்பில் இறங்கியது. 'இடைவேளை' என்று எழுத்து வந்தது.

வெளியே பெரியம்மா சுவரோரமாக நின்றிருந்தாள்.

"இதுக்கு மேல நான் பாத்ததில்ல" என்றாள். "இதுவரிக்கும் அவன் கீறான். அது போதும்."

தேசிங்கு ஃபார்மைக் காட்டினான். கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்றும் சொன்னான். எபி வருகிற இடத்திலெல்லாம் அவனும் வருகிறான். எல்லாம் கழிந்துவிடும்.

அவள் பதினோராவது கேள்வியை விரலால் தொட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இந்தப் படம் வந்தப்புறம் வாரத்துக்கு ஒரு தபா போலீசு வந்து கதவ தட்றான். எபி எங்கன்றான். கல்லறைல கீறான்னா நம்ப மாட்றான். என் தங்கச்சி பொண்ண பாக்க வந்தவங்க பிளாக் பேர கேட்டுட்டு டீ கூட குடிக்காம போனாங்க. ஆனா இங்க வந்தா என் புள்ள நடக்கிறான். எதுலடா டிக் அடிப்ப?"

"ரெண்டுலயும் அடிக்கலாமா மேடம்?" என்று தேசிங்கு கேட்டான். கவுண்டர் இப்போது அவர்களுக்கு அருகிலேயே வந்திருந்தது.

"அதுக்குத் தனி கவுண்டர்" என்றார் குணபூஷணி. "இன்னும் கட்டல."

"வேலை வாணாம் பெரிம்மா" என்றான் தேசிங்கு. உண்மையாகத்தான் சொன்னான்.

ஸ்டெல்லா பேனாவைப் பிடுங்கி அவன் கையில் திணித்தாள். "போடு."

"எபி போயிடுவான்."

"அவன் எப்பவோ போய்ட்டான்டா. நீ கீறல்ல. போடு, கைய ஒடச்சிடுவேன்."

போட்டான். அவள் திரும்பி நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். தேசிங்குக்குத் தன் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

"கழிஞ்சிருக்கான்னு பாத்துட்டுத்தான் முத்திரை" என்று குணபூஷணி எழுந்தார். மூவரும் உள்ளே போனார்கள். படம் முதலிலிருந்து ஓடியது.

மாடிப்படி வந்தது. வெயில் இறங்கியது. எபி மட்டும் தனியாக இறங்கி வந்தான். கழிந்தது தேசிங்கு மட்டும்தான். எபி பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சிரித்தான். அதன் தோளில் கைபோட்டு நடந்தான். இருபதாவது நிமிஷத்தில் வெட்டுப்பட வேண்டியவனைத் தனியாளாக எப்படி வெட்டுவது என்று தெரியாமல் மணி என்ன என்று கேட்டான். அவன் சொன்னான். இருவரும் அவரவர் வழியே போனார்கள்.

எழுபதாவது நிமிஷம் ஸ்டெல்லா எழுந்தாள். கால் பழக்கத்தில் வாசல்வரை போய்விட்டது.

கத்தி பறந்து வந்தது. அது தேடி வந்த முதுகு அங்கே இல்லை. எபி பாய்வதற்கும் காரணம் இல்லை. கத்தி யார்மேலும் படாமல் திரையின் இடது ஓரத்தைத் தாண்டிப் போனது. எங்கோ தூரத்தில் தகரத்தில் விழுந்த சத்தம் கேட்டது. எபி அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தான்.

"பெரிம்மா" என்றான் தேசிங்கு.

அவள் திரும்பினாள். விளக்கு எரியவில்லை. இடைவேளை என்று எழுத்து வரவில்லை. எபி இன்னும் நடந்துகொண்டிருந்தான். இதுவரை அவள் பார்த்திராத தெருக்களில் நடந்தான். ஒரு கடையில் பன் வாங்கித் தின்றான். கையை பேன்ட்டில் துடைத்தான். கொஞ்சம் தொப்பை விழுந்தது. காதோரம் ஒரு நரை தெரிந்தது.

குணபூஷணி வாய் திறந்தபடி நின்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே முத்திரையைக் குத்தினார். அது தேசிங்கின் மணிக்கட்டில் விழுந்தது. "செல்லும், செல்லும்" என்றார்.

எபி ஒரு குடத்தோடு தண்ணீர் லாரி வரிசையில் போய் நின்றான். நாலு மாடி உயர மனிதன், நாலு மாடி உயரக் குடம். வரிசை நகரவில்லை. யாரும் யாரையும் வெட்டவில்லை. எஃப் பிளாக் மூச்சுவிடாமல் பார்த்தது.

"சண்ட எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சும்மா கெட" என்றார்கள் நூறு பேர்.

ஸ்டெல்லா இருட்டில் தடவித் தடவி வந்து சீட்டில் உட்கார்ந்தாள். விரலை நீட்டி எண்ணினாள்.

"இன்னும் ஒம்போது பேர் கீறாங்க அவனுக்கு முன்னாடி" என்றாள். "மெதுவாவே வரட்டும்."