பதிவாகாத எட்டு நிமிடங்கள்

ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து கட்டிலைச் சரிசெய்தான். ஒரு பக்கம்தான் கலைந்திருந்ததால் பாதி வேலைதான். பல் துலக்கினான். பால் காய்ச்சி, காபி கலந்து, நின்றபடியே குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். இரண்டு முட்டைகளை வேகவைத்து உரித்துத் தின்றான். கொடியில் காய்ந்திருந்த மூன்று சட்டைகளை எடுத்து மடித்தான். எல்லாம் முடிந்தபோது மணி ஆறு நாற்பது. மச்சான் ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார். நடுவில் இருந்த நேரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சும்மா உட்கார்ந்திருப்பதில் இந்தப் பத்து மாதத்தில் நன்றாகவே கை தேர்ந்திருந்தான்.

அவன் வேலை பார்ப்பது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில். ஊர் ஊராகப் போய் மாதிரி எடுத்து வர வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்கள் எல்லோரும் மாதக் கடைசிக்குள் வண்டியில் கேமரா பொருத்தியாக வேண்டும் என்று அலுவலகத்தில் சுற்றறிக்கை வந்தது. கேமராவை வாங்கிவிட்டான். அதை அத்தையிடம் போனில் சொன்னதுதான் பிசகு. மகளைப் பறிகொடுத்த பிறகும் மாப்பிள்ளையிடம் தினம் ஒருமுறை பேசிவிடுகிற மனுஷி அவர். பேச ஒன்றும் கிடைக்காமல் அன்று இதைச் சொல்லிவைத்தான். பத்தே நிமிடத்தில் மச்சான் கூப்பிட்டார்.

“கார் எலெக்ட்ரிக்கல் கடை வச்சிருக்கறவன் ஒருத்தன் வீட்டுல இருக்கறப்ப, வேற கடைக்குப் போய் நின்னீங்கன்னா காலை ஒடச்சிருவேன் மாப்ள. ஞாயித்துக்கிழம வாங்க. கடை லீவு, நானும் நீங்களும்தான்.”

மச்சான் அவன் மனைவிக்கு ஒரே அண்ணன். ஆள் நல்ல பருமன். கடையின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, காதில் பென்சில் செருகுவதுபோல டெஸ்டரைச் செருகிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து உள்ளே விடச் சொல்லிக் கை காட்டினார். “ஒடிங்க, ஒடிங்க, இன்னும் ஒடிங்க, போதும், செவுத்துக்கும் கொஞ்சம் உயிர் இருக்கட்டும்.” அவன் இறங்கியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். சாப்பிட்டீங்களா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி. அதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லாமல் மச்சான் ஒரு வண்டியைச் சுற்றிவந்து அவன் பார்த்ததே இல்லை.

பெட்டியைப் பிரித்து, கேமராவைக் கையில் வைத்து எடை பார்த்தார். கூடவே வந்திருந்த லைட்டர் பிளக்கை, அந்த வட்டமான கறுப்புக் குமிழை, எடுத்துத் தனியாக மேஜையின் மறுகோடியில் வைத்தார். “இது வேணாம். நேரா ஃப்யூஸ் பாக்ஸ்லயே குடுத்துரலாம். யாரும் புடுங்க முடியாது.” சொல்லிவிட்டு வெகுநேரம் முன்கண்ணாடியைத் துடைத்தார்.

அந்தப் பிளக்கைப் பற்றி இருவருக்குமே தெரியும். பழைய வண்டியிலும் ஒரு கேமரா இருந்தது. மச்சான் கொடுத்தனுப்பியதுதான். கொடுத்தனுப்பினார், வரவில்லை. அண்ணனும் தங்கையும் அப்போது பேசிக்கொள்வதில்லை. அதற்குக் காரணம் ஒரு சிக்னல். தங்கைக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று ஆரம்பித்தவர், சிக்னலில் மூன்றாவது தடவை வண்டி நின்றுபோனதும், “நீயெல்லாம் ஊஞ்சல் ஆடத்தான் லாயக்கு” என்று கத்திவிட்டு, கதவைத் திறந்து இறங்கி நடந்தே போய்விட்டார். பின்னால் ஹாரன் அடித்துத் தீர்த்தார்கள். யாரோ ஒரு போலீஸ்காரர் வந்து வண்டியை ஓரம் தள்ளும்வரை அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அன்றோடு அவள் ஸ்டியரிங்கையும் தொடவில்லை, அண்ணனிடமும் பேசவில்லை. ஒரு வருஷம் மூன்று மாதம். அந்தக் காலத்தில்தான் அத்தை மூலமாகக் கேமரா வந்து சேர்ந்தது. மச்சானே வந்திருந்தால் ஒயரை இழுத்து முறையாகக் கொடுத்திருப்பார். வராததால், இவன் அதைக் கண்ணாடியில் ஒட்டி, லைட்டர் துவாரத்தில் பிளக்கைச் செருகினான். போனுக்கு சார்ஜ் போட வண்டியில் இருந்ததும் அந்த ஒரே துவாரம்தான்.

மச்சான் கேமராவை முன்கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டி, ஒயரைக் கூரைத் துணியின் விளிம்புக்குள் நகத்தாலேயே திணித்துக்கொண்டு போனார். தடித்த விரல்கள். ஆனால் துணியில் ஒரு சுருக்கம் விழவில்லை. கதவோரம் வந்ததும், கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலிருந்த தூணின் மேல் பிளாஸ்டிக் மூடியைப் பக்குவமாக நெம்பி எடுத்தார். உள்ளே நீளமாக மடித்துவைத்த துணிச்சுருள் ஒன்று தெரிந்தது.

“பாருங்க, இதுதான் சைடு ஏர்பேக். ஒயர் இதுக்கு முன்னாடி போச்சுன்னா, பை விரியறப்ப ஒயரையும் சேத்து சாட்டை மாதிரி மூஞ்சில வீசும். பின்னாடிதான் விடணும். பாதிப் பேர் இதைப் பாக்கறதே இல்ல. ஒயர் வெளிய தெரியலன்னா வேலை முடிஞ்சுதுன்னு...” பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவனுக்குப் பைகள் விரிந்தது நினைவில் இல்லை. அதற்குப் பிறகு வண்டிக்குள் பறந்த வெள்ளைத் தூள்தான் நினைவிருந்தது. எதிர்ச்சாலையிலிருந்து நடுத்தடுப்பை உடைத்துக்கொண்டு வந்த லாரி. உன் மேல் தப்பே இல்லை என்று போலீஸ்காரர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அவனும் தலையாட்டியாகிவிட்டது. மடித்த துணியைப் பார்த்தான். தூணின் பின்பக்கமாக ஒயரைப் பிடித்துக் கீழே தள்ளினான். மச்சான் கீழே இருந்து இழுத்துக்கொண்டார்.

ஃப்யூஸ் பாக்ஸ் ஸ்டியரிங்குக்கு அடியில் இருந்தது. மச்சான் சீட்டைப் பின்னால் தள்ளி, தரையில் முதுகைக் கொடுத்து, தலையை உள்ளே நுழைத்தார். கால்கள் வெளியே ஷெட்டின் நடுவில் நீண்டிருந்தன.

“எலிக்குன்னே இடம் ஒதுக்கியிருக்கான் கம்பெனிக்காரன். எங்கம்மா இப்பப் பாத்தா இவன் மறுபடியும் பொறக்கப்போறான்னு பயந்துரும். டார்ச்ச கொஞ்சம் எறக்கிப் புடிங்க மாப்ள. என் மூக்குத் துவாரத்துல ஃப்யூஸ் இல்ல.”

அவன் டார்ச்சை இறக்கினான். சிரிப்பு வந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. டெஸ்டரின் சின்ன விளக்கு எரிந்தது, அணைந்தது. மூன்று ஒயர்களையும் மச்சான் வரிசையாகச் சொல்லிக்கொண்டே மாட்டினார். கறுப்பு, பெயின்ட் இல்லாத போல்ட்டில், வண்டியின் உடம்புக்கு. சிவப்பு, சாவி போட்டால் உயிர் வருகிற ஃப்யூஸில். மஞ்சள், எப்போதும் உயிர் இருக்கிற ஃப்யூஸில். “மஞ்சளைக் குடுத்துட்டா வண்டி நின்னாலும் இது தூங்காது. பேட்டரி எறங்கினா அதுவே நிறுத்திக்கும், அதுக்குத்தான் நடுவுல இந்தக் குட்டிப் பெட்டி.” ஃப்யூஸ் ஒன்றைப் பிடுங்கி மாற்றினார். பிறகு உள்ளேயிருந்தே, அதே குரலில் பேசினார்.

“அந்தப் பழைய கேமரா என்கிட்டதான் இருக்கு மாப்ள.”

அது வண்டியோடு போய்விட்டதாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

“ஸ்டேஷன்ல சாமானெல்லாம் எடுக்க நான்தானே போனேன். சீட்டுக்கடியில கெடந்துச்சு. லென்ஸ் போச்சு. கார்டு நல்லா இருந்துச்சு.”

“பாத்தீங்களா மச்சான்?”

“பாக்கறதுக்கு என்ன, ரோடுதான். கேட்டேன்.” உடம்பை நகர்த்தி வெளியே வந்தார். முகமெல்லாம் தூசு. துடைக்காமல் தரையிலேயே உட்கார்ந்து கதவில் சாய்ந்துகொண்டார். “ரெண்டு மணி நேரம் அம்பது நிமிஷம் இருக்கு. பாட்டுங்கற பேர்ல என்னமோ கத்தறா. நீங்க வழி தப்பி, தப்பலன்னு சாதிக்கறீங்க. ரெண்டு பேரும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டுக்குச் சண்டை போடறீங்க. அப்புறம் என் பேச்சு வருது. வர்ற வழியில குண்டன் வீட்டுக்கு ஒரு எட்டு போய்ட்டு வரலாமான்னு நீங்க கேக்கறீங்க.”

அவனுக்கு நினைவிருந்தது. அவள் சொன்ன பதிலும்.

“‘அவனா வந்து மன்னிப்பு கேக்கட்டும், கேட்டாலும் ஒரு மாசம் கழிச்சுத்தான் பேசுவேன்’ங்கறா.” மச்சான் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். “ஒரு மாசம்னு கெடு வச்சிருக்கா பாருங்க, கழுத. எட்டு அம்பத்திரண்டுக்கு, ‘இரு, போன் சாகப்போகுது’ங்கறா. டப்புனு ஒரு சத்தம். அதோட சரி. லாரி வந்தது ஒன்பது மணின்னு போலீஸ் எழுதியிருக்கு.”

எட்டு நிமிடங்கள். பிளக்கைப் பிடுங்கி அவள் போனைச் செருகிய பிறகு, பதிவாகாமல் போன எட்டு நிமிடங்கள்.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்த மச்சான் கேட்ட முதல் கேள்வி, “ஏதாவது சொன்னாளா?” என்பதுதான். அவன் நெற்றியில் தையல் போட்டிருந்தார்கள். வாயைத் திறந்தபோது, “அண்ணன் மேல எனக்குக் கோவம் எதுவும் இல்லன்னு சொன்னா” என்று தானாகவே வந்தது. யோசித்துச் சொன்ன பொய் அல்ல. எதிரே ஒருவர் விழப்போகிறார், கை தானாக நீளும், அப்படி வந்தது. மச்சான் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அன்று தன்னால் உருப்படியாகச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்று பிறகு பலமுறை நினைத்துக்கொண்டிருக்கிறான்.

மச்சான் எழுந்து, டிரைவர் சீட்டில் அவனை உட்காரச் சொல்லிவிட்டு, சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். வண்டி ஒருபக்கம் அமுங்கியது. “சாவியப் போடுங்க.” போட்டான். கேமரா மெலிதாக ஒரு மணி அடித்து விழித்துக்கொண்டது. அதன் சின்னத் திரையில் பாதி திறந்த ஷட்டரும், அதற்கு வெளியே வெயிலில் ஒரு சைக்கிளின் சக்கரங்களும் தெரிந்தன. மூலையில் சிவப்புப் புள்ளி துடித்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மாப்ள, ஒன்னு கேக்கறேன். அவ என்னை எப்பவாவது அண்ணன்னு கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா?”

குண்டா. குண்டன். கோபம் வந்தால் தடியன். வேறெதுவும் அவன் கேட்டதில்லை.

“அன்னைக்கே தெரியுமா?” என்றான்.

“வீட்டுக்குப் போய்ப் படுத்தப்பவே தெரியும். தெரிஞ்சும் கீழ போட மனசு வரல. பத்து மாசமா அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கறேன். நீங்க குடுத்தது நல்லாத்தான் இருந்துச்சு, தப்பு சொல்ல மாட்டேன். ஆனா அது உங்க பேச்சு. கார்டுல இருக்கறதெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. அதுக்கு மேல அவ பேசினது ஏதாவது இருந்தா, அது வேணும். என்னைத் திட்டியிருந்தாலும் சரி. நான் மட்டும் அன்னைக்கு ஒரு நட வந்து இந்த மூணு ஒயரக் குடுத்துட்டுப் போயிருந்தா, உங்ககிட்ட வந்து கேட்டுக்கிட்டு நிக்க மாட்டேன்.”

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். அவள் சொன்னது ஒன்று இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் ஏதோ கனமான பொருளை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் ஏந்துவதுபோல நின்றார்கள். அந்தக் கைகளில் இதைப் போட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்காகத்தான் கூச்சம். அது மட்டுமில்லை. அவளுடைய துணிமணிகளை அத்தை பிரித்துக் கொடுத்தாயிற்று. புத்தகங்களை அவள் சிநேகிதிகள் கொண்டுபோனார்கள். போட்டோக்கள் எல்லோர் போனிலும் இருக்கின்றன. இந்த ஒரு வாக்கியம்தான் முழுசாக அவனிடம் இருந்தது. வெளியே விட்டால் அதிலும் பங்கு போய்விடும். விடாவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இந்த மனிதர் இன்னும் எத்தனை வருஷம் அந்த எட்டு நிமிடத்தின் வாசலில் நிற்பார் என்று தெரியவில்லை. மச்சான் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. இந்த வண்டியின் அந்த சீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

“உங்களைப் பத்தி எதுவும் சொல்லல மச்சான்” என்றான். “யாரைப் பத்தியும் சொல்லல. போன சார்ஜ்ல போட்டா. செருப்பக் கழட்டிட்டுக் காலைத் தூக்கி மேல வச்சுக்கிட்டா. சீட்டப் பின்னாடி சாச்சா. அவ்வளவுதான். தூங்கிட்டா. எதுவுமே தெரிஞ்சிருக்காது.”

“தூங்கிட்டாளா?”

“குறட்டைகூட விட்டா. லேசா.”

மச்சான் தலையை மேலும் கீழும் ஆட்டினார். முழங்கையால் கண்ணைத் துடைத்தபோது தூசு இன்னும் பரவியது. “சாய்க்கறப்ப எதுவும் சொல்லலயா?”

“சொன்னா. ஆனா அது ஒன்னும் பெரிசா இல்ல மச்சான்.”

மச்சானின் கண் சிவப்புப் புள்ளிக்குப் போனது. “மைக் ஆன்ல இருக்கு மாப்ள. உள்ள பேசறதும் பதிவாகும். அணைச்சுரவா?” கை பாதி நீண்டிருந்தது.

“வேணாம்” என்றான். “இருக்கட்டும்.”

கை இறங்கியது. வெளியே யாரோ வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். திரையில் வெயில் மட்டும் இருந்தது. அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்ன வேகத்திலேயே, பாதிக் கொட்டாவியோடு இழுத்தபடி சொன்னான்.

“பெட்ரோல் பங்க் வந்தா எழுப்பிவிடுடா, பாத்ரூம் போகணும்.”