இரட்டைச் சமக்குறி

1

இந்தக் கதை என்னுடையதில்லை. மயிலாப்பூரில் எங்கள் மாடியில் குடியிருந்த ஹம்சினி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொன்னது. மெட்ராஸ் சென்னை என்று பெயர் மாறிய வருஷம். தி.நகரில் ஒரு சின்னக் கம்பெனியில் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். எனக்கோ கம்ப்யூட்டரை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாது. எழுத உட்கார்ந்ததும் முதல் வாக்கியத்திலேயே திணறினேன்.

[கணிப்பொறியும் மனிதர்களைப் போலத்தான். அதற்கும் ஒரு—]

வேண்டாம். பொய்.

2

முதலில் டெம்ப்ளேட் என்றால் என்ன என்று விளக்க வேண்டும். இட்லித் தட்டு என்று எழுதட்டுமா என்றேன். ஹம்சினி சிரித்தாள்.

"தட்டுல எதை ஊத்தினாலும் இட்லி வடிவம்தானே வரும் மாமி? இது வேற. ஒரு வேலையை எப்படிச் செய்யணும்னு ஒரு தரம் எழுதி வெச்சுண்டா போதும். நம்பரைக் குடுத்தாலும் மருந்தைக் குடுத்தாலும் அதையே செய்யும்."

அவள் எழுதியது, பட்டியலில் ஒரே பொருள் இரண்டு தரம் இருந்தால் ஒன்றை நீக்கும் டெம்ப்ளேட். அடையாறில் ஒரு நர்சிங் ஹோமின் மருந்துக் கடைக்காகச் செய்தது. நன்றாக ஓடியது. நோயாளிகளின் பட்டியலுக்கும் அதையே போட்டுவிடு என்றார் கம்பெனி மானேஜர் ராஜகோபாலன்.

ஐந்தும் ஐந்தும் ஒன்று என்று கணிப்பொறிக்குத் தெரியும். இரண்டு ஆட்கள் ஒன்றா என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். அந்த மொழியில் 'சமமா?' என்று கேட்க இரட்டைச் சமக்குறி. அதற்கு நாமே புது அர்த்தம் கொடுக்கலாம். அதன் பெயர் ஆபரேட்டர் ஓவர்லோடிங். (பாவம், அந்தக் குறியின் தலையில் கூடுதல் பாரம்.) அர்த்தம் கொடுத்தவன் ஆபீஸில் அவள் பக்கத்து நாற்காலிக்காரன், அறிவு என்று பெயர். பெயர், வயது, விலாசம் மூன்றும் பொருந்தினால் ஒரே ஆள்.

3

முதல் வரைவில் அறிவை அலட்சியக்காரனாக எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். யோசித்துத்தான் எழுதினான். நீங்களும் நானும் அந்த மூன்றையேதான் கேட்டிருப்போம்.

4

நர்சிங் ஹோமில் கணிப்பொறித் திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை. அங்கே அதைச் சோதித்தபடி ஹம்சினி உட்கார்ந்திருந்தாள். ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து தேவானை என்ற பெண் நொண்டிக்கொண்டே வந்தாள். மீன்முள் குத்திப் புறங்கால் வீங்கியிருந்தது. நர்ஸ் புஷ்பம் திரையைப் பார்த்துவிட்டு ஊசி மருந்தை எடுத்தாள்.

"பென்சிலினா? அது எனக்கு ஆவாதும்மா. போன தபா மூச்சே நின்னுப்போச்சு. எழுதிக்கினீங்களே?"

"அப்படி ஒண்ணும் இல்லையே. போன மாசம் இதே ஊசி போட்டிருக்கோம். நல்லாத்தானே இருந்தீங்க?"

"அது நான் இல்ல, என் ஓரகத்தி! அவ பேரும் தேவானைதான். ஒரே வூடு, ஒரே வயசு. இந்த டப்பா சொன்னா நான் அவளா ஆயிடுவேனா?"

காலை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். புஷ்பம் ஊசியைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

ஹம்சினி தேடிப் பார்த்தாள். ஒரே ஒரு தேவானைதான் இருந்தாள். மூச்சு நின்றவளை டெம்ப்ளேட் நீக்கியிருந்தது.

[ஹம்சினி அழுதாள். அவள் கண்ணீர்—]

அழவில்லை. தெருவுக்கு ஓடினாள்.

"அக்கா, நில்லுங்கோ. பொட்டிதான் தப்பு. நீங்க சொன்னதுதான் சரி."

"இங்க சொல்லி இன்னா? அந்த நர்சம்மாகிட்ட வந்து சொல்லு. அப்பதான் வருவேன்."

ஹம்சினி வந்து சொன்னாள், டாக்டர் காதிலும் விழும்படி. வேறு மருந்து கொடுத்தார்கள்.

5

மத்தியானம் தி.நகர் ஆபீஸ்.

"புருஷன் பேரையும் சேத்துட்டா சரியாப் பூடும்," என்றான் அறிவு.

"ஒரே புருஷனுக்கு ரெண்டு தேவானை இருந்தா?"

"அப்ப இன்னாதான் பண்ணச் சொல்ற?"

ஹம்சினி அவன் எழுதிய அர்த்தத்தை அழித்தாள். புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித்தரும் கம்பைலர் உடனே மறுத்துவிட்டது. இரண்டு நோயாளிகளை ஒப்பிட எனக்குத் தெரியாது என்றது.

ராஜகோபாலன் பதறினார். "ஏம்மா, விடிஞ்சா விழா. கம்ப்யூட்டர் எல்லாத்தையும் தானே முடிவு பண்ணும்னு அழைப்பிதழ்லயே போட்டாச்சு. இப்ப போய் எரரா?"

"தெரியாததைத் தெரியாதுங்கறது சார். நிஜ எரர் முன்னாடி இருந்துதே, அதுதான்."

அறிவு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நோயாளிகளை அந்த டெம்ப்ளேட்டிலிருந்து அவனே வெளியே எடுத்தான். பழைய பட்டியலைச் சேமித்திருந்த பிளாப்பியிலிருந்து விட்டுப்போனவர்களைத் திரும்ப ஏற்றினான். ஒரே மாதிரி இரண்டு பேர் வந்தால் இனி திரையில் இருவரும் தெரிவார்கள். எவர் என்று நர்ஸ் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

"மனசு கேக்கல ஹம்சினி," என்றான். "அந்தம்மா மட்டும் பேசாம கையை நீட்டியிருந்தா?"

ஹம்சினி மறுபடி தேவானையைத் தேடினாள்; இருவரும் திரையில் வந்தார்கள்.

6

விழாவில் பெரிய டாக்டர் மைக்கை ஹம்சினியிடம் நீட்டினார். "இந்தக் கம்ப்யூட்டர் தானாவே என்னென்ன முடிவு பண்ணும்னு எல்லாருக்கும் சொல்லும்மா."

(அ) உண்மையைச் சொன்னாள். வேலை போயிற்று.

(ஆ) உண்மையைச் சொன்னாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் தியாகி, இன்னொன்றில் வீராங்கனை. ராஜகோபாலன் கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு முன்வரிசையில் இருந்ததை இரண்டிலும் நான் மறந்துவிட்டேன். அவர் கெட்டவரில்லை. நடந்ததை ஹம்சினி என்னிடம் சொன்னாள். நான் சொல்வதாக இல்லை.

மைக் அவள் கையில் இருக்கிறது. புஷ்பம் சுவரோரமாக நின்று அவளையே பார்க்கிறாள். நீங்கள் ஹம்சினியாக இருந்தால் என்று நான் கேட்கப் போவதில்லை, நீங்கள் அவளில்லை. அவள் என்ன சொல்லியிருப்பாள்?