வளைந்த மூன்று பின்கள்

"ஒரு கம்ப்யூட்டருக்கு உயிர் வரணும்னா குறைஞ்சது என்னென்ன வேணும்?"

வேலை கேட்டு வந்த அன்று முதலாளி, பான் பெய்-யுன் என்ற அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்வி இது. அவள் ஒரு மதர்போர்டை எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே கிடத்தினாள். ப்ராசஸரைப் பதித்து, அதன் தலையில் விசிறியை மாட்டினாள். ஒரே ஒரு ராம். பவர் சப்ளையிலிருந்து இரண்டு ஒயர்: பெரியது போர்டுக்கு, சின்னது ப்ராசஸருக்கு. பிறகு போர்டின் ஓரத்திலிருந்த இரண்டு கம்பிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துத் தொட்டாள். விசிறி சுற்றியது.

"சுவிட்சுகூட வேணாங்கறா பாரு," என்று முதலாளி தன் மனைவியிடம் சிரித்தார். "வாயைத் திறக்காமலே பாஸ் பண்ணிட்டா."

வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டியிருக்கிறதே என்றுதான் அவள் பதினேழு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டாள். தைபேயின் அந்தக் கடைக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், தடுப்புக்குப் பின்னாலிருந்த பழுது பார்க்கும் மேஜையில் யாரும் அவளைப் பேசச் சொல்லவில்லை. மூன்று மாதம் தவறில்லாமல் ஓட்டினால் மேஜை நிரந்தரமாக அவளுக்குத்தான். இன்னும் எட்டு நாள் பாக்கியிருந்தபோது சுவாங் பெரியவர் வந்தார்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். ஒரு வருஷம் வீடியோ பார்த்துப் பார்த்து, அந்தக் கடையிலேயே சாமான் வாங்கி, தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்திருந்தார். அது ஓடவில்லை. பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"விசிறியெல்லாம் சுத்துது பாப்பா, திரைதான் கறுப்பா நிக்குது. என் பையனுக்குத் தெரியாம கொண்டாந்திருக்கேன். தெரிஞ்சா கேலி பண்ணியே கொன்னுடுவான்." ஒரு பை நிறையக் கொய்யாவும் கொண்டுவந்திருந்தார்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. போர்டு பழுதுக்கு வந்தால், வாடிக்கையாளர் பார்க்க ப்ராசஸரைக் கழற்றி, கீழே சாக்கெட்டில் நிற்கும் ஆயிரத்துச் சொச்சம் பின்களின்மேல் விளக்கடித்துப் படம் எடுக்க வேண்டும். மயிரிழைப் பின்கள். ஒன்று வளைந்திருந்தாலும் 'ஆள் செய்த சேதம்', கம்பெனி மாற்றித் தராது. யார் வளைத்தது என்ற வழக்கு பின்னால் வரக்கூடாது என்பதற்காகத்தான் படம்.

பெய்-யுன் படம் எடுக்கவில்லை. கொய்யாவைக் கையில் கொடுத்த மனுஷரை நிறுத்திவைத்து, 'உங்க எதிரிலேயே படம் எடுத்துக்கறேன்' என்று சொல்வது, அவரைத் திருடன் என்று சொல்வதுபோல இருந்தது. தலையை மட்டும் ஆட்டினாள். அவர் சந்தோஷமாகப் போய்விட்டார்.

போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி, ஹார்டு டிஸ்க், கார்டு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அத்தியாவசியமானவற்றை மட்டும் மாட்டித் தொட்டாள். உடனே திரையில் எழுத்து வந்தது. போர்டில் ஒரு குறையும் இல்லை. அவருடைய பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். ப்ராசஸருக்குப் போகும் சின்ன ஒயர் மாட்டப்படாமல் பின்பக்கம் மடங்கிக் கிடந்தது. அவ்வளவுதான். மற்றபடி, முதல் தடவை சேர்த்த கை என்று நம்ப முடியாத வேலை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் ப்ராசஸரின் சூடு விசிறிக்கு ஏறுவதற்காக நடுவில் தடவும் பசையை அவர் அள்ளிப் பூசியிருந்தார். துடைத்து ஒழுங்காகப் போட்டுக் கொடுப்போமே என்று ப்ராசஸரைத் தூக்கினாள். விரலில் பசை. வழுக்கியது. ஒரு மூலை சாக்கெட்டுக்குள் விழுந்தது. மூன்று பின்கள் சாய்ந்தன. ஊசியால் நிமிர்த்தப் போனாள், ஒன்று முறிந்தது.

அடுத்த இரண்டு நாளும் முதலாளியிடம் சொல்ல வாயெடுத்தாள். இரண்டு நாளும் அவர் போனில் இருந்தார், அல்லது இருந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை, எப்படியோ தெரிந்துகொண்டு, பெரியவரோடு மகனும் வந்துவிட்டான். மிங்-தா என்று பெயர், கையில் குளிர்ந்த தேநீர், வாய் நிறையச் சிரிப்பு. மெஷின்கள் குறும்பு செய்யாமல் இருக்கட்டும் என்று, அந்த ஊர் நம்பிக்கைப்படி, கல்லாவின்மேல் வைத்திருந்த பச்சை நிறச் சோளப்பொரி பாக்கெட்டைத் தட்டி, "தேதி முடிஞ்சுபோச்சா முதலாளி? எங்கப்பா மெஷின் மட்டும் ஏன் அடங்க மாட்டேங்குது?" என்றான்.

முதலாளி போர்டை எடுத்து விளக்கடித்தார். முகம் மாறியது. "பெரியவரே, பின் வளைஞ்சிருக்கு. ஒண்ணு முறிஞ்சே போச்சு."

"நான் மெதுவாத்தானே வெச்சேன்," என்றார் சுவாங்.

"பெய்-யுன், இது வந்தப்பவே இப்படித்தான் இருந்துச்சா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். தலை தானாக ஆடியது. ஆமாம் என்று ஆடியது.

மிங்-தா கைதட்டாத குறை. "சொன்னேனா இல்லையா? கை நடுங்குதுன்னுதானே ஸ்டியரிங்கையே பிடுங்கினாங்க! வீட்டுல சும்மா டீவி பாருங்கன்னா கேக்கணும்ல?"

பெரியவர் தன் வலது கையைத் தூக்கி, விரல்களை விரித்துப் பார்த்தார். அது நடுங்கவில்லை. நடுங்குகிறதா என்று அவர் உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெய்-யுன்னால் அதைப் பார்க்க முடியவில்லை. "நான்தான்," என்றாள். அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான்தான் வளைச்சேன். பசை வழுக்கிடுச்சு. அவர் கொண்டுவந்தப்ப பின் நல்லா இருந்துச்சு."

முதலாளி மெல்லச் சிரித்தார்.

"எங்க பொண்ணுக்கு இளகின மனசு. பெரியவங்க முகம் வாடினா தாங்காது. பழியைத் தூக்கித் தன் தலையில போட்டுக்குது."

"நிஜமாவே நான்தான்..."

"படம் இருக்கா?" முதலாளி கேட்டார், அதே சிரிப்போடு.

இல்லை. முதலாளியம்மா கல்லாவுக்கடியில் அவள் முழங்கையைப் பிடித்து அழுத்தினாள். அது ஆறுதலா எச்சரிக்கையா என்று தெரியவில்லை.

பெய்-யுன் பெரியவரைப் பார்த்துச் சொன்னாள், அந்த மூன்று மாதத்தில் பேசியதிலேயே நீளமாக. "நீங்க எல்லாம் சரியாத்தான் சேர்த்திருந்தீங்க. ஒரே ஒரு சின்ன ஒயரைத்தான் மாட்டாம விட்டுட்டீங்க. வேற ஒண்ணுமே தப்பில்ல."

"பாருங்க, ஒயரையும் விட்டிருக்காரு!" மிங்-தா சிரித்துவிட்டு, அவளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "ரொம்ப தேங்க்ஸ்மா. அப்பா, உங்களால ஒரு சின்னப் பொண்ணு பொய் சொல்ல வேண்டியதாயிடுச்சு பாத்தீங்களா?"

அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். அழுததும், அவள் இரக்கத்தில் பொய்தான் சொல்கிறாள் என்று எல்லாரும் இன்னும் உறுதியாக நம்பினார்கள். முதலாளி அந்த மாடியில் வேறெந்தக் கடையும் தராத விலையில் புது போர்டு தருவதாகச் சொன்னார். மேஜை இனி உன்னுடையதுதான் என்று அவள் தோளையும் தட்டினார்.

சுவாங் பெரியவர் அவள் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. தன்மேல் இரக்கப்பட்டுப் பொய் சொன்னவளைப் பார்க்கும் பார்வை அது. பிறகு அந்த வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் நுழைத்துக்கொண்டு, பெட்டியையும் போர்டையும் அப்படியே விட்டுவிட்டு, மகன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் படியிறங்கிப் போனார்.